இடும்பன் பெயரில் பன்னிரண்டாம் அறை

அந்த அக்காவின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதி, அது எப்படியாவது அவர் கைக்குப் போய்ச் சேர்ந்தால், ஓடுகிற பஸ்ஸில் உட்கார்ந்து முதல் வரியிலிருந்து உரக்கப் படித்துவிடுவார். கண்டக்டர் வரைக்கும் தெரிந்துவிடும். எனக்கு எதற்கு அந்த வம்பு? திருத்தணி அடிவாரத்தில் நாங்கள் வேலை பார்த்த தங்கும் விடுதியில் எல்லோரும் அவரை 'மைக் அக்கா' என்றுதான் கூப்பிட்டோம். அதுவே போதும்.

மைக் அக்கா வாயால் சொல்லாமல் கையால் ஒரு வேலையும் செய்ததில்லை. "நாலாம் நம்பர் சாவி எடுக்கறேன். எங்க கீது? இதோ கீது. எடுத்துட்டேன்" என்பார். டீ வந்தால், "சூடா கீதே, ஊதிக்கறேன்" என்பார். கோபம் வந்தால்கூட முன்னறிவிப்பு உண்டு. "இப்ப எனக்குக் கோவம் வருது நைனா. வந்துகினே கீது. ஆங், வந்துடுச்சி" என்று சொல்லிவிட்டுத்தான் கத்துவார். அதற்குள் திட்டு வாங்க வேண்டியவன் ஓடிப்போயிருப்பான்.

வரவேற்பு மேஜைக்கு வருவதற்கு முன்னால், ஆடிக் கிருத்திகைக் கூட்டத்தில் தொலைந்துபோகிறவர்களுக்காக பஸ் ஸ்டாண்டு பக்கம் தொண்டர்கள் போடும் பந்தலில் மைக் பிடித்தவர் அவர். தமிழிலும் தெலுங்கிலும் மாறி மாறிச் சொல்வார். "மஞ்சச் சட்டை, காதுல கடுக்கன், பேரு கேட்டா பேரு சொல்லாம பலூன் கேக்குறான், இவன் யாரு வூட்டுப் பிள்ளைன்னு வந்து பார்த்துக் கூட்டிகினு போங்க" என்று ஒரு தடவை சொன்னாராம். மூன்று குடும்பம் ஓடிவந்ததாம். வருஷத்தில் நாலு நாள் வேலைதான் அது. ஆனால் குரல் மட்டும் வருஷம் முழுக்க வேலைசெய்துகொண்டே இருந்தது.

எங்கள் முதலாளிக்கு மலையைச் சுற்றி மூன்று விடுதிகள். எல்லாவற்றுக்கும் நோட்டுப் புத்தகம்தான். முதலாளியின் மருமகன் சென்னையிலிருந்து வந்து பொறுப்பேற்றதும், அறைகளைப் பதிவுசெய்ய ஒரு கம்ப்யூட்டர் புரோகிராம் வாங்கிவந்தார். நாங்கள் அவரை 'மாப்பிள்ளை சார்' என்போம். நல்ல மனிதர். மெதுவாகப் பேசுவார். சத்தமே ஆகாது அவருக்கு. அப்படிப்பட்டவரைக் கொண்டுவந்து மைக் அக்காவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்தது முருகன் விளையாட்டு என்றுதான் சொல்லவேண்டும்.

வந்த மூன்றாம் நாளே அறிவித்துவிட்டார். ஆடிக் கிருத்திகைக்குள் எல்லோரும் கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டு, அவர் வைக்கிற பரீட்சையில் தேறவேண்டும். தேறாதவர்களுக்கு வேலை போகாது. மேல்மாடியில் போர்வை, தலையணை உறை அடுக்கிவைக்கிற அறையில் வேலை.

"போர்வைங்ககிட்ட இன்னா பேசறது?" என்று மைக் அக்கா கேட்டார். எல்லோரும் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. வருகிறவர்களிடம் எந்த ஊர், எத்தனை பேர், பாப்பா ஏன் அழுகிறது என்று கேட்டுக்கொண்டே இருப்பதுதான் அந்த அக்காவுக்குச் சோறு. அதைப் பிடுங்கி மாடியில் பூட்டினால் ஆள் என்ன ஆவார்?

எங்களுக்குக் கற்றுக்கொடுக்க மாப்பிள்ளை சார் முதலில் பிடித்தது சென்னை வாத்தியாரை. கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் திரை கட்டி, இரண்டு நாள் பாடம். ஏசி போட்டிருந்தார்கள். மத்தியானம் வடை பாயசத்தோடு சாப்பாடு. அதற்கப்புறம் விளக்கை வேறு அணைத்தார்கள். இதைவிட நல்ல தூக்கம் என் வாழ்க்கையில் நான் தூங்கியதில்லை. "ஏதாவது சந்தேகம் இருக்கா?" என்று கேட்டார் வாத்தியார். "இல்லீங்க சார்!" என்று ஒரே குரலில் சொன்னோம். சந்தேகம் வருவதற்கு முதலில் ஏதாவது கொஞ்சம் புரிந்திருக்க வேண்டுமே.

அடுத்து செல்போனில் வீடியோ பாடம். எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம் என்றார்கள். எப்போது வேண்டுமானாலும் என்றால் எங்கள் அகராதியில் எப்போதும் இல்லை என்று பொருள். அதிலும் பாடம் முழுக்க ஓடிமுடிந்தால் சான்றிதழ் தானாக வரும் என்று தெரிந்ததும், வாசலில் சும்மா உட்கார்ந்திருந்த வாட்ச்மேனிடம் எல்லா போனையும் கொடுத்துவிட்டோம். அவர் ஸ்டூல் மேல் வரிசையாக அடுக்கி, பொங்கல் பானை பார்த்துக்கொள்வதுபோல் பார்த்துக்கொண்டார். எல்லோருக்கும் சான்றிதழ் வந்தது. யாருக்கும் ஒரு எழவும் தெரியவில்லை. வாட்ச்மேனுக்கு மட்டும் பாதி தெரிந்துவிட்டது.

அப்புறம் ஒருவர் செய்வதை இன்னொருவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கும் திட்டம். என்னை மைக் அக்கா பக்கத்தில் உட்காரவைத்தார்கள். நான் பில் போடுகிறவன், எனக்குக் கொஞ்சம் கம்ப்யூட்டர் தெரியும் என்று மாப்பிள்ளை சாருக்கு ஒரு தப்பான எண்ணம்.

ஐயோ, அந்த நாட்கள்! திரையில் ஓடும் அம்புக்குறியைப் பார்த்து, "கொஞ்சம் நகருங்க. இன்னும் கொஞ்சம். தாண்டிப் போய்ட்டீங்க, திரும்புங்க" என்பார். மரியாதை குறையாது. பாஸ்வேர்டையும் உரக்கச் சொல்லிக்கொண்டேதான் அடிப்பார். வரவேற்பில் நிற்கும் சாமி கும்பிட வந்தவர்கள், ஆட்டோக்காரர்கள், பூக்கார அம்மா எல்லோருக்கும் அது பாடம். மாப்பிள்ளை சார் தலையில் அடித்துக்கொண்டு வாரா வாரம் மாற்றச் சொல்வார். அக்கா மறந்துபோய்ப் பழையதை அடிப்பார். "அது போன வாரத்துது அக்கா" என்று வாசலிலிருந்து வாட்ச்மேன் திருத்துவார்.

ஆனால் ஒன்று சொல்லவேண்டும். ஒரு நாள் நான் போட்ட பில் ஃபைலைக் காணோம். சேமித்தேன், சத்தியமாகச் சேமித்தேன், எங்கே போனதென்று தெரியவில்லை. எனக்கு வியர்த்துவிட்டது. மைக் அக்கா நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார்.

"அழுவாத நைனா. கடைசியா எங்க பார்த்தே?"

"இந்த ஸ்கிரீன்லதான் அக்கா."

"இன்னா கலர் சட்டை?"

"பச்சை. பச்சைக் கட்டம் போட்ட படம் இருக்கும்."

"பேரு இன்னா வச்சே? கூட யாரு யாரு இருந்தாங்க?"

அவர் கேட்கக் கேட்க எனக்கு ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. ஆமாம், மெயிலிலிருந்து இறக்கின ஒரு படத்தோடு சேர்த்து வைத்தேன். இறக்கினவை போகும் இடத்தைத் திறந்தோம். அங்கே இருந்தது. "பாத்தியா, நின்னு அழுதுகினு கீது" என்றார் அக்கா. அன்றிலிருந்து விடுதியில் யாருக்கு எது தொலைந்தாலும் சட்டையின் நிறத்திலிருந்துதான் விசாரணை ஆரம்பம். மெதுவாக எங்கள் எல்லோருக்கும் அந்த வியாதி தொற்றிக்கொண்டது. பெருக்குகிற அம்மாவைத் தவிர எல்லோரும் சொல்லிச் சொல்லி அடித்தோம். மாப்பிள்ளை சார் காதில் பஞ்சு வைத்துக்கொள்ளாத குறை.

புரோகிராமில் பயிற்சிக்கென்று ஒரு தனி நகல் உண்டு. உண்மையானதும் அதுவும் அச்சு அசல் ஒன்றுபோல இருக்கும். மேலே ஓரத்தில் 'பயிற்சி' என்று எறும்பு அளவு எழுத்து மட்டும்தான் வித்தியாசம். அதில் கிருத்திகை நாளுக்கு அறைகளைப் பதிவுசெய்து பழகுங்கள் என்றார் மாப்பிள்ளை சார். யார் பெயரைப் போடுவது? நான் என் மாமா பெயரைப் போட்டேன். மைக் அக்கா என் கையைத் தட்டிவிட்டார்.

"உசுரோட இருக்கிறவங்க பேர்ல பொய் எழுதக் கூடாது நைனா."

"செத்தவங்க பேரு போடலாமா?"

"நல்லா கீதே! ரூம் கீதுன்னு வந்துட்டாங்கன்னா யாரு சாவி குடுக்கறது? சாமிங்க பேரு போடு. அவங்க யாரும் வந்து சண்டைக்கு நிக்க மாட்டாங்க."

அப்படித்தான் எங்கள் விடுதியில் தேவர்கள் குடியேறினார்கள். இடும்பனுக்குத் தரைத்தளத்தில் பன்னிரண்டாம் அறை. "ரெண்டு மலையத் தூக்கிகினு மாடி ஏற முடியுமா பாவம்?" வள்ளிக்கு முதல் மாடி, தெய்வானைக்கு இரண்டாம் மாடி. நடுவில் முருகனுக்கு ஒன்றும் கொடுக்கவில்லை, அவர் பாடு என்று விட்டுவிட்டோம். பிள்ளையாருக்குப் பெரிய கட்டில், கூடுதல் சாப்பாடு. நாரதருக்கு ஒற்றை அறை, யாரும் சேர்ந்து தங்கமாட்டார்கள். மயிலை வண்டி நிறுத்துமிடத்தில் பதிவுசெய்ய வழியிருக்கிறதா என்று அரை நாள் தேடினோம். வாட்ச்மேன் கண்டுபிடித்துக் கொடுத்தார். கடைசியில் ஒரு அறை பாக்கியில்லாமல் எல்லாவற்றிலும் சாமிகள்.

அதோடு விட்டதா? மறுநாள் தெய்வானைக்குத் தண்ணீர் சரியாக வரவில்லை என்று அக்கா புகார் கொண்டுவந்தார். அறை மாற்றிக் கொடுக்கவேண்டும். நாரதர் ஒரு நாள் முன்னதாகவே காலி செய்கிறார், மீதியைத் திருப்பித் தரவேண்டும். பிள்ளையார் தம்பி கல்யாணத்துக்கு உறவுக்காரர்களோடு வருகிறார், கூடுதல் படுக்கை போடவேண்டும். சென்னை வாத்தியார் இரண்டு நாளும், வீடியோக்காரர்கள் பத்து பாகமும் சொல்லி ஏறாத அத்தனை வேலையும் இந்த அமர்க்களத்தில் எங்கள் விரலுக்கு வந்துவிட்டது. வயிறு வலிக்கச் சிரித்தோம், கற்றுக்கொண்டுவிட்டோம். சிரிப்பில் ஒருவரும் கவனிக்கவே இல்லை.

பரீட்சை நாள் வந்தது. மாப்பிள்ளை சார் ஒரே ஒரு விதிதான் போட்டார். யாரும் வாய் திறக்கக் கூடாது.

எனக்கு அப்போதே திக்கென்றது. நாங்கள் உதட்டை மட்டும் அசைத்து, உள்ளுக்குள்ளேயே முனகி, எப்படியோ ஒப்பேற்றினோம். மைக் அக்கா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். கை மவுஸ் மேல் இருந்தது. அசையவில்லை. உதட்டை இறுக்கமாக மூடியிருந்தார், அவர் அப்படி மூடி நான் பார்த்ததே இல்லை. எத்தனை சாமிக்கு அறை மாற்றிக் கொடுத்த கை! மூடின வாயோடு அதுவும் மூடிக்கொண்டது. கடைசி வரைக்கும் திரையில் பெயர் கேட்கும் முதல் கட்டம் அப்படியே இருந்தது. மாப்பிள்ளை சாருக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் சொன்ன சொல் சொன்னதுதான்.

"கவுண்டர்ல கூட்டம் வரும்போது நீங்க இப்படிப் பேசிக்கிட்டே இருந்தா சரிப்படாதுங்க அம்மா" என்றார்.

"ஆங், சரிங்க" என்றார் அக்கா. அவ்வளவுதான்.

இரண்டு நாள் கழித்துப் போர்வை அறைக்கு ஏறிப் போனேன். உள்ளே பேச்சுச் சத்தம் கேட்கும் என்று எதிர்பார்த்தேன். இல்லை. மடித்து மடித்து அடுக்கிக்கொண்டிருந்தார், ஒரு வார்த்தை இல்லாமல். என்னைப் பார்த்து, "பதில் சொல்ல மாட்டேங்குது நைனா" என்று போர்வைகளைக் காட்டினார். சிரிப்பதற்காகத்தான் சொன்னார். நான் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு போர்வையை மடித்துக் கொடுத்தேன். கீழே வந்தேன். வரவேற்பே இழவு வீடு மாதிரி இருந்தது.

கிருத்திகை அன்று விடியும்போதே ஊர் நிரம்பிவிட்டது. பூக்காவடி, பம்பை, மஞ்சள் புடவை, எங்கே பார்த்தாலும் அரோகரா. எங்கள் முதலாளிக்குப் பழைய வழக்கம் ஒன்று உண்டு. கிருத்திகைக்குப் பாதி அறைகளை முன்பதிவுக்குக் கொடுக்கமாட்டார். நகரி, புத்தூர்ப் பக்கத்திலிருந்து காவடியோடு நடந்தே வருகிறவர்களுக்கு அது. மறுபாதியை முன்பதிவு செய்தவர்கள் முந்தின நாளே வந்து சாவி வாங்கிவிட்டார்கள். அன்று மாப்பிள்ளை சாரே கவுண்டரில் உட்கார்ந்தார். திரையைப் பார்த்தார். ஒவ்வொரு அறைக்கும் ஒரு கட்டம். காலி என்றால் பச்சை, ஆள் இருந்தால் சிவப்பு. எல்லாம் சிவப்பு.

"பாருங்க, ஆன்லைன்லயே எல்லாம் ஃபுல் ஆயிடுச்சு!" என்றார் முகம் மலர்ந்து. நானும் எட்டிப் பார்த்தேன். சிவப்புதான். முதலாளி ஒதுக்கின பாதியையும் புரோகிராம் ஆன்லைனில் கொடுத்துவிட்டது என்று நினைத்து நானும் மலர்ந்தேன்.

வந்தவர்களையெல்லாம் அறை இல்லை, அறை இல்லை என்று திருப்பினோம். அவர்கள் எங்கே போவார்கள்? எங்கள் வாசலில் போட்டிருந்த நீர்மோர்ப் பந்தலிலும், அது நிரம்பியதும் வெயிலிலும் உட்கார்ந்தார்கள். ஆந்திராவிலிருந்து நடந்துவந்த ஓர் அம்மா, கால் இரண்டும் பூசணிக்காய் போல வீங்கி, வாசற்படியிலேயே சாய்ந்துவிட்டார். அவர் மகன் என்னிடம் வந்து ஒரு மூலை இருந்தாலும் போதும் என்று தெலுங்கில் கெஞ்சினான். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆனால் இல்லாத அறையை எங்கிருந்து கொடுப்பது?

வெயில் ஏறியது. அந்த மீதிப் பாதிக்குப் பதிவுசெய்தவர்கள் ஒருவர்கூட வரவில்லை. அந்தச் சாவியெல்லாம் பலகையில் அப்படியே தொங்கின. மாப்பிள்ளை சார் முகத்தில் மலர்ச்சி வாடியது.

"ஏன் ஒருத்தர்கூட வரல? கூட்டத்துல மாட்டிக்கிட்டாங்களா?"

"மைக்ல கூப்பிட்டுப் பார்க்கலாங்களே சார்" என்றார் வாட்ச்மேன். மோர்ப் பந்தலில் மைக், ஸ்பீக்கரோடு ரேடியோ செட் இருந்தது. மைக் என்றதும் எங்கள் எல்லோர் கண்ணும் மேல்மாடிக்குத்தான் போனது. நான் படியில் தாவி ஏறினேன்.

மைக் அக்கா தோளில் ஒரு போர்வையோடு அப்படியே இறங்கிவந்தார். மைக்கின் ஒயரைக் கவுண்டர் வரை இழுத்துக் கையில் கொடுத்தோம். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். ஊதிப் பார்த்தார். தெருக் கோடி வரை உஸ்ஸென்றது.

"எல்லாருக்கும் வணக்கம். ரூம் புக் பண்ணவங்களக் கூப்பிடப் போறேன். மவுஸைப் பிடிச்சிக்கறேன். பன்னெண்டாம் நம்பர் கட்டத்துக்குப் போறேன். நகருங்க, இன்னும் கொஞ்சம். அமுக்கிட்டேன். பேரு வருது."

தெருவே அவர் கிளிக் செய்வதைக் கேட்டுக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை சார் கண்ணை மூடிக்கொண்டார்.

"பன்னெண்டாம் நம்பர் ரூம். திரு. இடும்பன் அவர்கள். எங்கிருந்தாலும் உடனே வரவேற்புக்கு வரவும்."

"அரோகரா!" என்றது கூட்டம்.

மைக் அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். அடுத்த கட்டத்தை அமுக்கினார்.

"முதல் மாடி. திருமதி வள்ளி அவர்கள்."

"அரோகரா!"

"ரெண்டாம் மாடி. தண்ணி வரலன்னு ரூம் மாத்திக் குடுத்தோமே, திருமதி தெய்வானை அவர்கள்."

"வேலும் மயிலும் துணை! அரோகரா!" பம்பைக்காரர்கள் அடிக்கவே ஆரம்பித்துவிட்டார்கள்.

"ஐயையோ நைனா!" என்று மைக்கிலேயே அலறினார் அக்கா. "எல்லாம் நம்ம ஆளுங்கடா!"

மாப்பிள்ளை சார் பாய்ந்துவந்து திரையின் ஓரத்தைப் பார்த்தார். பயிற்சி. விடிகாலையிலிருந்து அவர் பார்த்துக்கொண்டிருந்தது பயிற்சி நகலைத்தான். எங்கள் விடுதியில் காலி அறையெல்லாம் சாமிகளுக்குக் கொடுத்துவிட்டு, சாமி கும்பிட வந்தவர்களை வெயிலில் உட்காரவைத்திருந்தோம். அவருக்கு முகம் வெளுத்தது. அப்புறம் உதடு துடித்தது. அப்புறம் அந்தச் சத்தமே ஆகாத மனிதர் தரையில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, ஹோவென்று சிரித்தார். நாங்கள் சேர்ந்துகொண்டோம். மைக் திறந்தே இருந்தது.

சரியான நகலைத் திறந்தோம். பாதிக்குப் பாதி பச்சை! மைக் அக்கா எழுந்திருக்கவே இல்லை. "பன்னெண்டாம் நம்பர். இடும்பன் சார், கோவிச்சிக்காம காலி பண்ணுங்க, ஒரு அம்மாவுக்குக் கால் வீங்கி கீது. பேரு அடிக்கறேன். ஊரு அடிக்கறேன். சாவி எடு நைனா" என்று சொல்லிச் சொல்லி அடித்தார். ஒரு கையில் மைக், ஒரு கையில் மவுஸ். தமிழில் பாதி, தெலுங்கில் பாதி. வாசற்படியில் இருந்த அம்மாவை நானும் அவர் மகனும் கைத்தாங்கலாகக் கூட்டிப்போனோம். மத்தியானத்துக்குள் பலகையில் ஒரு சாவி இல்லை. ஒரு தப்பு இல்லை.

எல்லாம் முடிந்து மைக் அக்கா தோளில் போர்வையைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். மாடிப்படிப் பக்கம் பார்த்தார். மாப்பிள்ளை சார் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு எப்போதுமே வார்த்தை மெதுவாகத்தான் வரும்.

அக்கா காத்திருக்கவில்லை. உட்கார்ந்தார். மைக்கை எடுத்தார். ஊதினார்.

"ஒரு அறிவிப்பு. அம்பது வயசு, ஊதாக் கலர் புடவை, தோள்ல போர்வை. கவுண்டர்லேர்ந்து காணாமப் போன ஒரு பொம்பள, மேல்மாடியில திக்குத் தெரியாம நின்னுகினு இருந்தாங்க. கிடைச்சிட்டாங்க. பத்திரமா கீறாங்க." போர்வையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். "சம்பந்தப்பட்டவங்க வந்து அடையாளம் சொல்லிக் கூட்டிகினு போகவும்."

மாப்பிள்ளை சார் எழுந்து, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, கவுண்டருக்கு முன்னால் போய் நின்றார். மைக்கை அவர் பக்கம் நீட்டினார் அக்கா.

"எங்க வீட்டு ஆளுங்க" என்றார் அவர், ஊருக்கே கேட்கும்படி.